முக்கோணத்தில் நடுப்பிள்ளையின் நிலை: ஓர் ஆய்வு

பள்ளிக் கணக்குத் தேர்வுகளில் தலைமுறை தலைமுறையாக உலவிவரும் வாக்கியம் ஒன்று உண்டு: ஒரு முக்கோணத்தின் கோணங்கள் கூட்டுத் தொடர்வரிசையில் அமைந்துள்ளன. ஆசிரியர்கள் இதை நிபந்தனை என்று வகைப்படுத்துவர். நேரே சொல்லக் கூச்சப்பட்ட வினாத்தாள் தயாரிப்பாளர், விடையையே முணுமுணுத்துவிட்டுப் போன இடம் இது என்பது எமது துணிபு. என்னை? பெரிய கோணம் நடுக்கோணத்தைவிட எவ்வளவு கூடுதலோ, சிறிய கோணம் அதைவிட அவ்வளவே குறைவு. மூன்றையும் கூட்டும்போது கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று தின்றுவிட, மிஞ்சுவது நடுக்கோணத்தின் மும்மடங்கு. அது 180 பாகை. ஆகவே நடுக்கோணம் 60. மற்ற இரண்டும் 59, 61 என்று ஒட்டி உறவாடினாலும் சரி, 1, 119 என்று முகம் திருப்பிக்கொண்டாலும் சரி, நடுவிலிருப்பது அசைவதில்லை. மூத்தது முறுக்கிக்கொள்ள, கடைக்குட்டி செல்லம் கொஞ்ச, வீட்டுக் கணக்கைச் சத்தமின்றிச் சுமக்கும் நடுப்பிள்ளைக்கு வடிவியலில் கிடைத்த ஒரே அங்கீகாரம் இது.

முதல் உறுப்பிலிருந்து தொடங்குவதே மரபு, நடுவிலிருந்து தொடங்குவது ஒழுங்கீனம் என்பார் உளர். அவர்கள் முதல் உறுப்பையும் பொது வித்தியாசத்தையும் வைத்து, மும்மூன்றாகக் கூட்டி, மூன்றால் வகுத்து, இறுதியில் அவ்விரண்டின் கூடுதல் 60 என்று கண்டறிகின்றனர். அந்தக் கூடுதல்தான் நடு உறுப்பு. தெருவைச் சுற்றிக் கொல்லைப்புறமாக நுழைந்தவரும் அதே கூடத்துக்குத்தான் வந்து சேர்கிறார். வழியில் ஒரு பக்கம் தாள் செலவு.

அற்றேல், கோணங்களின் கூடுதல் எப்போதும் 180 என்பதால் இது பலித்தது. பக்கங்களுக்கு அப்படி நிலையான கூடுதல் இல்லையே எனின், அங்கேதான் நடுப்பிள்ளையின் கைத்திறன் முழுதும் வெளிப்படுகிறது. செங்கோண முக்கோணத்தின் பக்கங்கள் கூட்டுத் தொடர்வரிசையில் இருக்கட்டும். கர்ணத்தின் வர்க்கத்திலிருந்து சிறிய பக்கத்தின் வர்க்கத்தைக் கழித்தால் வருவது நடுப்பக்கத்தின் வர்க்கம். அதே கழித்தலை வேறு வழியில் செய்தால், நடுப்பக்கத்தையும் பொது வித்தியாசத்தையும் பெருக்கியதன் நான்மடங்கு வரும். ஆகவே நடுப்பக்கம் வித்தியாசத்தைப்போல் நான்கு மடங்கு; பக்கங்கள் 3:4:5 என்ற விகிதம் தவிர வேறில்லை. சுற்றளவு 36 என்று வினாவில் கண்டதும் மூன்றால் வகுத்து 12 என்று எழுதிவிட்டு, இருபுறமும் 9, 15 என்று நிரப்பிவிடலாம்.

செங்கோணம் இல்லாவிட்டாலும் பாதகமில்லை. அரைச் சுற்றளவு நடுப்பக்கத்தின் ஒன்றரை மடங்கு. பரப்பு என்பது உள்வட்ட ஆரத்தை அரைச் சுற்றளவால் பெருக்குவது. நடுப்பக்கத்தில் பாதியைக் குத்துயரத்தால் பெருக்குவதும் அதே பரப்பு. இரண்டையும் சமப்படுத்தினால், நடுப்பக்கத்தின் மீதான குத்துயரம் உள்வட்ட ஆரத்தின் சரியாக மும்மடங்கு என்று வருகிறது. ஹெரான் தம் ‘மெட்ரிகா’ நூலில் கையாண்ட 13, 14, 15 முக்கோணம் இதற்குச் சாட்சி: பரப்பு 84, உள்வட்ட ஆரம் 4, குத்துயரம் 12. அழைப்பில்லாமலே 12 வந்து வரிசையின் முன்னால் நின்றுகொண்டதைக் கவனிக்க. அடுத்தடுத்த முழு எண்களைப் பக்கங்களாகக் கொண்டு, பரப்பும் முழு எண்ணாக அமையும் முக்கோணங்கள் முடிவின்றி உள்ளன. அவற்றின் நடுப்பக்கங்கள் 4, 14, 52, 194 என வளரும். ஒன்றை நான்கால் பெருக்கி, அதற்கு முந்தையதைக் கழித்தால் அடுத்தது. இந்தக் குலமுறையும் நடுப்பிள்ளை வழியாகவே எழுதப்படுகிறது.

இதெல்லாம் இயற்கணிதம், வடிவியல் எங்கே என்று தூய்மைவாதிகள் கேட்பர். நடுக்கோட்டு மையமும் எந்தப் பக்கத்திலிருந்தும் அதன் குத்துயரத்தின் மூன்றில் ஒரு பங்குத் தொலைவில்தான் இருக்கிறது. எனவே சமபக்க முக்கோணம் நீங்கலாக, உள்வட்ட மையத்தையும் நடுக்கோட்டு மையத்தையும் இணைக்கும் கோடு நடுப்பக்கத்துக்கு இணை. காம்பஸைப் பெட்டியிலிருந்து எடுக்காமலே இணைகோடு கிடைத்துவிட்டது. இதற்குமேல் வடிவியல் வேண்டுவோர் பேராசைக்காரர்.

கோணங்களும் பக்கங்களும் ஒருங்கே கூட்டுத் தொடர்வரிசையில் இருக்கலாகாதோ எனின், இருக்கலாம். ஆனால் கொசைன் விதி அதற்கு வாங்கும் விலை, பொது வித்தியாசமே பூச்சியமாவது. இரண்டு வரம் கேட்ட முக்கோணம் சமபக்கமாகிவிடும், அங்கே நடுப்பிள்ளை யார் என்று பெற்றவர்களுக்கே தெரியாது. இன்னொரு எல்லையும் உண்டு: பக்கங்களின் வித்தியாசம் நடுப்பக்கத்தில் பாதிக்கும் குறைவாக இருக்க வேண்டும். இதனால், குழந்தைகள் முதலில் கற்கும் கூட்டுத் தொடர்வரிசையான 1, 2, 3 முக்கோணமாக எழுந்து நிற்க வழியின்றி நேர்கோடாகப் படுத்துவிடுகிறது. தற்செயலாக வரையும் முக்கோணம் எதுவும் இப்படி அமைய வாய்ப்பே இல்லை என்போருக்கு: உண்மைதான். அத்தகைய முக்கோணங்களுக்குத் தேர்வுக்கூடத்தில் நுழைவுச்சீட்டு தருவதில்லை.

நாற்கரத்துக்கு இம்முடிவுகளை நீட்ட முயல்வோருக்கு எச்சரிக்கை. நான்கு உறுப்புகளில் நடு என்று ஒன்றில்லை. சராசரி 90 பாகை என்றாலும், வித்தியாசம் பூச்சியமாக இல்லாதவரை எந்தக் கோணமும் 90 ஆகாது. நான்கு கோணங்களும் சுற்றிவரும் ஒழுங்கிலேயே கூட்டுத் தொடர்வரிசையில் இருந்தால், அடுத்தடுத்து அமரும் சிறியதும் பெரியதும் சேர்ந்து 180 ஆகி, உருவம் சரிவகமாகிறது. அது மூத்ததும் கடைக்குட்டியும் கூட்டுச் சேர்ந்த குடும்பம், தனி ஆய்வுக்குரியது.