கட்டை போட்ட காலமும் டிஸ்க் போட்ட காலமும்

எண்பதுகளில் பெங்களூரு கலாசிபாளையத்தில் பிரேக் பட்டறை எங்கே இருக்கிறது என்று யாரிடமும் விசாரிக்க வேண்டியதில்லை. காதைக் கொடுத்தால் போதும். ஷூவில் லைனிங்கை வைத்து ரிவெட் அடிக்கும் சத்தம் லாரி ஆபீஸ்களின் இரைச்சலையும் மீறிக் கேட்கும். நடந்து போகிற தூரத்தில் ஜே.சி. ரோடு, அங்கே கிடைக்காத ஸ்பேர் பார்ட் தென்னிந்தியாவில் வேறெங்கும் கிடைக்காது என்று எங்களுக்கு ஒரு கர்வம். திருச்செங்கோடு, சங்ககிரி, நாமக்கல் லாரிகள் வரிசையாக நிற்கும். டிரைவர் தமிழில் குறையைச் சொல்வார், மேஸ்திரி உருதுவில் பையனை விரட்டுவார், பையன் கன்னடத்தில் பதில் சொல்லிக்கொண்டே சக்கரத்தைக் கழற்றுவான். அந்தப் பையன்களில் நானும் ஒருவன்.

வேலை இப்படி இருக்கும். ஹப்பைக் கழற்றி ட்ரம்மை இழுத்தால் உள்ளே கறுப்புத் தூசி அப்பிக் கிடக்கும். கம்ப்ரஸர் குழாயை நீட்டி ஒரே அடியில் ஊதிவிடுவோம். அது காற்றில் எழும்பி, தலையிலும் டீ கிளாஸிலும் வந்து படியும். பிறகு பழைய ரிவெட்டைத் தட்டி எடுத்து, புது லைனிங்கை வைத்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி அடித்துக்கொண்டு போக வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் லைனிங் தூக்கிக்கொள்ளும். சூடானதும் அங்கேதான் வெடிக்கும். ட்ரம்மில் கோடு விழுந்திருந்தால் லேத்துக்குப் போகும். கிரீஸ் கசிந்து லைனிங் ஊறியிருந்தால், வசதி இல்லாத ஓனர் அதைப் பெட்ரோலில் கழுவித் திரும்பப் போடச் சொல்வார். மேஸ்திரி மாட்டேன் என்பார். அதில் மட்டும் அவர் யாருக்கும் வளைந்து கொடுத்து நான் பார்த்ததில்லை.

அந்தக் காலத்து லைனிங்கில் இருந்தது ஆஸ்பெஸ்டாஸ். நுரையீரலுக்குள் போன அதன் நார் வெளியே வராது. இருபது, முப்பது ஆண்டு கழித்துக்கூட நோயாக எழும். மேஸ்திரி இருமிக்கொண்டே இருந்தார். பீடியைக் குறை சொன்னோம். பீடியா தூசியா என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பெரிய கம்பெனிகள் பின்னாளில் ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத லைனிங்குக்கு மாறின. ஆனால் இந்தியாவில் அந்தப் பொருளுக்கு முழுத் தடை இன்றுவரை இல்லை. விலை மலிந்த, பெயரில்லாத லைனிங்கில் என்ன கலந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்ல ரோட்டோரப் பட்டறையில் ஆள் கிடையாது. ஆகவே இன்றைக்கும் பிரேக் தூசியைக் காற்றால் ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடைத்து எடுங்கள் என்று பார்க்கிற பையனிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

லாரி நின்றுவிட்டால் அது நகராமல் இருப்பதற்கு அன்று எல்லோரும் நம்பியது ஹேண்ட் பிரேக்கை அல்ல, கட்டையை. மேட்டில் வண்டி நின்றதும் “கட்டை போடுறா” என்று டிரைவர் கத்துவார். கிளீனர் பையன் மரக்கட்டையோடு குதித்து ஓடிப் பின்சக்கரத்துக்கு அடியில் செருகுவான். சரியான நொடியில் செருக வேண்டும். கையை எடுக்கத் தாமதித்தால் விரல் போய்விடும். விரல் குறைந்த கிளீனர்களை எனக்குத் தெரியும். பன்னிரண்டு, பதிமூன்று வயதுப் பையன்கள். காற்று இறங்கினால் தானே பிடித்துக்கொள்ளும் ஸ்பிரிங் பிரேக் எல்லா லாரிகளிலும் வந்தபோது அந்த ஓட்டம் பெருமளவு குறைந்தது. இந்தத் தொழிலில் நான் பார்த்த மாற்றங்களில் பெரியது எது என்று கேட்டால், டிஸ்க்கைச் சொல்ல மாட்டேன். அந்த ஸ்பிரிங்கைத்தான் சொல்வேன்.

ட்ரம், டிஸ்க் இரண்டையும் பழசு, புதுசு என்று பிரிப்பது சரியில்லை. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வயது. இங்கிலாந்தில் பிரெடெரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கியதும் 1902தான், பிரான்ஸில் லூயி ரெனோ ட்ரம் பிரேக்கை ஒழுங்கான வடிவத்துக்குக் கொண்டுவந்ததும் 1902தான். அதற்குப் பிறகு ஐம்பது ஆண்டு ட்ரம்மின் ஆட்சி. 1953இல் லெ மான் பந்தயத்தில் ஜாகுவார் கார்கள் டிஸ்க் பிரேக்கோடு ஓடி ஜெயித்த பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. நம் ஊருக்கு அது வந்த விதம் வேறு. ஜப்பானில் முன்சக்கரத்தில் டிஸ்க்கோடு விற்ற யமஹா ஆர்.டி. 350, 1983இல் இங்கே ராஜ்தூத் 350 ஆனபோது டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ட்ரம்மைப் பொருத்தி விற்றார்கள். அத்தனை வேகமான வண்டிக்கு அந்த பிரேக். பெங்களூரில் அந்த பைக்கை இன்னும் காப்பாற்றி வைத்திருப்பவர்களில் பலர் முதலில் செய்த வேலை, முன்னால் டிஸ்க் மாட்டியது.

ட்ரம்மை வெறும் மட்டமான பொருள் என்று ஒதுக்க எனக்கு மனம் வராது. சுழலும் ட்ரம், முன்பக்க ஷூவைத் தன்னோடு இழுத்து மேலும் இறுக்கிக்கொள்கிறது. காலில் கொடுக்கும் பலத்தைவிடக் கூடுதல் பிடி கிடைக்கும். ஹேண்ட் பிரேக் கேபிளை அதிலேயே மாட்டிவிடலாம். விலை குறைவு. சேற்றுக்காட்டில்கூட ஒரு சுத்தியலும் ஒரு ஸ்பேனரும் இருந்தால் சரி செய்துவிடலாம். அதன் பெரிய எதிரி சூடு. சூடானால் ட்ரம் விரிந்து லைனிங்கை விட்டு விலகும். காற்று பிரேக்கில் ஷூவை விரிக்கும் புஷ் ராட் இன்னும் நீள வேண்டும். அதற்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையைத் தொட்ட பிறகு டிரைவர் மிதித்துக்கொண்டே இருப்பார், வண்டி போய்க்கொண்டே இருக்கும். டிஸ்க் சூட்டில் தடித்தாலும் பேடை நோக்கித்தான் தடிக்கும். திறந்த வெளியில் இருப்பதால் சீக்கிரம் ஆறும். தண்ணீரையும் சேற்றையும் சுழற்றி எறிந்துவிடும்.

ட்ரம்மின் இந்தச் சூடு கண்ணுக்குத் தெரியும் இடம் தொப்பூர் கணவாய். பெங்களூரிலிருந்து ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி தாண்டி சேலம் போகிற வண்டி எல்லாம் அங்கே இறங்கியாக வேண்டும். 16 டன் எடையுள்ள லாரி 100 மீட்டர் உயரம் இறங்கும்போது, அந்தச் சுமை முழுவதையும் பிரேக்கே தாங்கினால் உண்டாகும் சூடு ஐம்பது லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அதை எஞ்சினோடு பங்கு போட்டுக்கொள்ளத்தான் கியர் இருக்கிறது. டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விட்டால் பங்காளி போய்விடுவான். உண்மையில் மிச்சமும் கிடையாது. கியரில் இறங்கும்போது ஆக்ஸிலேட்டரில் கால் வைக்காவிட்டால் பம்ப் டீசலை நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் ஐடிலுக்கு எண்ணெய் எரியும். 2020 டிசம்பரில் அந்த இறக்கத்தில் கட்டுப்பாடு இழந்த லாரி பத்துக்கும் மேற்பட்ட வாகனங்களில் மோதி 4 பேர் இறந்தார்கள். 2024 ஜனவரியிலும் 4 பேர். இப்படி நடக்கும்போதெல்லாம் ‘பிரேக் ஃபெயிலியர்’ என்று ஒரு வரியில் எழுதிவிடுகிறார்கள். கழற்றிப் பார்த்தால் பல நேரம் எதுவும் உடைந்திருக்காது. லைனிங் தீய்ந்து கண்ணாடி போலப் பளபளக்கும், அவ்வளவுதான். இதற்கிடையில் 2018இல் அச்சுச் சுமை வரம்பை மத்திய அரசு உயர்த்தியது. இரண்டு அச்சு லாரிக்கு 16.2 டன் என்றிருந்தது 18.5 டன் ஆனது. எடை கூடியது, பிரேக் அதே ட்ரம் பிரேக்தான்.

இப்போது ஹெண்ணூர் பக்கம் என் அக்கா மகன் பட்டறை வைத்திருக்கிறான். அன்றைய கலாசிபாளையத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்துக்குத் தரை ஒன்றே சாட்சி: வெள்ளை டைல்ஸ் போட்டிருக்கிறான், ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது. ஒரு மென்பொருள்காரர் தன் பொலேரோ கேம்பரைக் கொண்டுவந்தார். முன்னால் டிஸ்க், பின்னால் ட்ரம். காட்டுப்பாதைகளில் சேறு புகுந்து பின் பிரேக் கெட்டுப்போகிறது, பின்னாலும் டிஸ்க் வேண்டும் என்றார்.

அந்த வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஆக்ஸில் ஷாஃப்டை உருவி, ஷூ தாங்கும் தகட்டைக் கழற்றி, அந்த போல்ட் துளைகளை அளந்து காலிப்பருக்கு ஒரு பிராக்கெட் வரைந்தான். பீன்யாவில் லேசரில் வெட்டி வந்தது. முடி அளவு பிசகில்லை. நாங்கள் அட்டையில் வரைந்து, கேஸில் வெட்டி, அரத்தால் ராவிய காலம் கண்முன் வந்து போனது. ரோட்டர் ஹப்பில் நேராக உட்கார வேண்டும், காலிப்பர் ரிம்மின் உள்பக்கம் இடிக்கக் கூடாது. “மாமா, இடது காலிப்பரையும் வலதையும் மாத்தி மாட்டிட்டா ஏர் எடுக்கிற நிப்பிள் கீழ போயிடும். காத்து மேலயே நின்னுக்கும். எத்தனை தடவை மிதிச்சாலும் பெடல் பஞ்சு மாதிரி இருக்கும்” என்றான். சொல்லிக் கொடுக்க எனக்கு அங்கே அதிகம் இல்லை.

மாட்டுவது பாதி வேலைதான். வீல் சிலிண்டரைவிடக் காலிப்பர் பிஸ்டன் பெரியது, அதிக எண்ணெய் கேட்கும். மாஸ்டர் சிலிண்டர் அதைக் கொடுக்குமா என்று பார்க்க வேண்டும். ட்ரம்முக்காகச் சில மாஸ்டர் சிலிண்டரில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் வால்வு இருக்கும். அதை விட்டுவைத்தால் பேட் உரசிக்கொண்டே ஓடித் தீய்ந்துவிடும். பிக்கப்பில் சுமைக்கு ஏற்பப் பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ட்ரம்மை மனதில் வைத்துச் செய்தது. அதைக் கவனிக்காமல் விட்டால் காலி வண்டியில், மழையில், பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும், வண்டி சுற்றும். கடைசியாக ஹேண்ட் பிரேக். பழைய வில்லிஸ் ஜீப்பில் அது சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் தனி ட்ரம்மில் இருந்தது. அதனால் அந்த ஜீப்களில் பின் டிஸ்க் போடுவது எளிது. கேம்பரில் கேபிள் பின் ட்ரம்முக்குப் போகிறது. லீவர் உள்ள காலிப்பர் வாங்காமல் டிஸ்க் போடுகிறவர்கள், வண்டியை கியரில் நிறுத்திவிட்டுக் கல் வைக்கிறார்கள். அதாவது மறுபடியும் கட்டை. அக்கா மகன் லீவர் உள்ளதைத்தான் தேடிப் பிடித்தான்.

சட்டத்தையும் சொல்ல வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்திலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதைக் கண்டிப்பாக எடுத்துச் சொன்னது. நல்ல பிரேக் போட்டேன் என்று விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ்காரரிடம் வாதாடிப் பயனில்லை. வேலையைத் தொடங்குவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள் என்று அக்கா மகன் வருகிறவர்களிடம் சொல்கிறான். எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

வேலை முடிந்து ஈரத்தரையில் ஓட்டிப் பார்த்தோம். வண்டி கோடு கிழித்தது போல நேராக நின்றது. எனக்கு மெய்யாகவே சந்தோஷம். ஆனால் அன்று மாலையே ஓசூர் ரோட்டில் நெல் மூட்டை, சிமென்ட், இரும்புக் கம்பி ஏற்றிய லாரிகள் தொப்பூரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன, அத்தனையும் ட்ரம்மில். வார இறுதியில் கூடாரத்தையும் அடுப்பையும் ஏற்றும் பிக்கப்புக்கு நாலு சக்கரத்திலும் டிஸ்க். இருபது டன் இழுக்கும் வண்டிக்கு நாங்கள் ரிவெட் அடித்த அதே ஏற்பாடு. நல்ல பிரேக் சுமை இருக்கும் இடத்துக்குப் போகவில்லை, காசு இருக்கும் இடத்துக்குப் போகிறது. இது என்னை உறுத்துகிறது.

ஐரோப்பாவில் கனரக லாரிகள் சென்ற நூற்றாண்டின் இறுதியிலேயே டிஸ்க்குக்கு மாறத் தொடங்கின. அமெரிக்கா 2009இல் லாரிகள் நிற்கும் தூரத்தைக் குறைக்கச் சட்டம் போட்டது. அதன் பிறகு அங்கே டிஸ்க் கூடியது. நமக்கும் அது தெரியாத பொருள் அல்ல. பெங்களூரை ஒட்டிய ஹொசகோட்டேயில் வோல்வோ தொழிற்சாலை 1998இல் தொடங்கியது, 2006இல் பெங்களூரு மாநகரப் போக்குவரத்துக் கழகம் (பி.எம்.டி.சி.) ஓட்டத் தொடங்கிய வோல்வோ நகரப் பேருந்தில் எல்லாச் சக்கரத்திலும் டிஸ்க். ஏ.சி. பஸ்ஸில் உட்கார்ந்து போகிறவருக்குக் கிடைத்தது சரக்கு லாரிக்கு இன்னும் பரவலாகக் கிடைக்கவில்லை.

சட்டம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2015 முதல் புதிய கனரக வாகனங்களுக்கு, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயமானது. தானாகவே இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டரும் வந்துவிட்டது. முன்பு போல ஒவ்வொரு சக்கரத்துக்கும் அடியில் படுத்து ஸ்பேனரால் திருக வேண்டியதில்லை. ஆனால் அந்த அட்ஜஸ்டர் கெட்டுப்போன பிறகு கையால் திருகியே ஓட்டுகிற வண்டிகளைப் பார்க்கிறேன். தேய்ந்த லைனிங்கோடு எஃப்.சி. என்ற தகுதிச் சான்றிதழ் வாங்கிய வண்டிகளையும் பார்க்கிறேன். இந்த நிலையில் டிஸ்க் கொண்டுவந்தாலும் பேட் தேய்ந்து இரும்பு இரும்பில் உரசும் வரை ஓட்டுவார்கள். ஆகவே புதிய கனரக லாரிகளுக்கு டிஸ்க்கையும், மலை இறங்க உதவும் ரிடார்டரையும் அரசு கட்டாயமாக்க வேண்டும் என்று கேட்பதோடு, ஓடிக்கொண்டிருக்கும் ட்ரம்களைக் கழற்றிப் பார்த்துச் சான்றிதழ் கொடுங்கள் என்றும் கேட்கிறேன்.

லாரி ஓனர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பெங்களூரில் லோடு ஏற்றி சேலம் பக்கம் அனுப்பும்போது, தர்மபுரி தாண்டியதும் டிரைவர் வண்டியை ஓரங்கட்டி, ட்ரம்மைத் தொடாமல் பக்கத்தில் கை வைத்துச் சூடு பார்த்து, ஆறவிட்டு, சின்ன கியரில் இறங்க நேரம் கொடுங்கள். சூடான ட்ரம்மில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், இரும்பு வெடித்துவிடும். அந்த அரை மணி நேரத்தை டெலிவரி நேரத்தில் நீங்களே சேர்த்துக் கணக்குப் போடுங்கள். டிரைவர் கணக்கில் பிடிக்காதீர்கள்.