‘அந்தோ’ வேண்டாம், ‘ஐயோ’ போதும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கிரேக்க நாடகம் பற்றியவை. எங்கோ பாடத்தில் வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. சினிமாக் கேள்வி அனுப்பியவர்கள் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளவும்.

கே: கிரேக்கத் துன்பியல் நாடகங்களை ஆங்கிலத்தில் ஒருவர் மாற்றி ஒருவர் மொழிபெயர்த்துக்கொண்டே இருக்கிறார்களே, ஒருத்தர் ஒழுங்காகச் செய்தால் போதாதா? (கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை)

ப: மூலம் கல்வெட்டு. மொழிபெயர்ப்பு வாசல் கோலம். நேற்றுப் போட்டது எவ்வளவு அழகாக இருந்தாலும் இன்று காலை தண்ணீர் தெளித்து மறுபடி போட்டாக வேண்டும். சோஃபக்கிளீஸின் கிரேக்கம் 2,400 வருஷமாக அப்படியே இருக்கிறது. ஆங்கிலம் முப்பது வருஷத்தில் நரைத்துவிடுகிறது. தவிர, சரக்கும் குறைவு. சோஃபக்கிளீஸ் எழுதியவை 120-க்கு மேல் என்கிறார்கள்; முழுசாகக் கைக்கு வந்தவை 7. ஈஸ்கிலஸ் பெயரில் 7. யூரிபிடீஸ் பெயரில் 19. ஆக மொத்தம் 33, அதிலும் ஒன்றிரண்டு இவர்கள் எழுதியதுதானா என்று சண்டை. ஊரில் இருப்பதே முப்பத்து மூன்று பெண்கள், கவிஞர்கள் எல்லாருமே மாப்பிள்ளை என்றால் என்ன செய்வது?

கே: தாத்தாவின் அலமாரியில் கில்பர்ட் மரே மொழிபெயர்த்த யூரிபிடீஸ் இருக்கிறது. படிக்கலாமா? (மதுரை வாசகர்)

ப: தூசி தட்டி வையுங்கள், அட்டை நன்றாக இருக்கும். மரே ஆக்ஸ்போர்டில் கிரேக்கப் பேராசிரியர், மகா படிப்பாளி. 1900-களின் தொடக்கத்தில் அவருடைய யூரிபிடீஸை லண்டன் மேடையில் ரசித்துப் பார்த்தார்கள். பெர்னார்ட் ஷா ‘மேஜர் பார்பரா’வில் அவரை மனத்தில் வைத்தே ஒரு கிரேக்கப் பேராசிரியரைப் படைத்தார். தப்பு எங்கே என்றால், வரிக்கடைசியில் ஒலி ஒன்றுகிற இயைபு. மூலத்தில் அது கிடையவே கிடையாது. இயைபுக்கு ஆள் பிடிக்க, யூரிபிடீஸ் ஒரு சொல்லில் முடித்ததை மரே இரண்டு வரிக்கு இழுத்தார். அப்போது லண்டனில் பாங்க் குமாஸ்தாவாக இருந்த ஒரு கவிஞர், 1920-ல் வந்த கட்டுரைத் தொகுப்பில் மரேயைத் தோலுரித்துவிட்டார். கிரேக்கம் தெரியாதது கூடப் பெரிய தடையில்லை, மரேயின் ஆங்கிலம்தான் பெரிய தடை என்பது அவர் வாதம். குமாஸ்தாவின் பெயர் டி.எஸ். எலியட். அதற்குப் பிறகு சோகத்துக்கு இயைபு தேடத் துணிந்தவர்கள் குறைவு.

கே: கிரேக்க யாப்புக்கும் நம் யாப்புக்கும் சம்பந்தம் உண்டா? (ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்)

ப: உறவு இல்லை ஐயா. ஆனால் உங்கள் காதுக்கு அது லண்டன்காரர் காதைவிடச் சீக்கிரம் பிடிபடும். கிரேக்கச் செய்யுள் குறில், நெடிலை அளந்து நடப்பது. குறிலோடு ஒற்றுச் சேர்ந்தால் கனம் கூடிவிடும். திருப்புகழ்ச் சந்தத்துக்குத் தாளம் போட்டவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாடகத்தில் பேச்சுப் பகுதி, குறில்-நெடில் நடையில் வரிக்குப் பொதுவாக 12 ஒலியசை. ஆங்கிலத்தில் அளவு கிடையாது, அழுத்தம்தான். எனவே மொழிபெயர்ப்பவர் யாப்பைக் கொண்டுவர முடியாது. அதற்குப் பதில் வேறொன்றை வைக்க முடியும். ரிச்மண்ட் லாட்டிமோர் நீளமான, மெதுவாக நடக்கிற ஒரு வரியை வைத்தார். அவரும் டேவிட் கிரீனும் சேர்ந்து பதிப்பித்த சிகாகோ வரிசையில்தான் அமெரிக்க மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகப் படித்தார்கள். டோனி ஹாரிசன் மோனையை வைத்தார். ஐரிஷ் கவிஞர் ஷேமஸ் ஹீனி 2004-ல் ‘ஆன்டிகனி’யை எடுத்தபோது, கொலையுண்ட கணவனுக்கு மனைவி பாடிய 18-ஆம் நூற்றாண்டு ஐரிஷ் ஒப்பாரி ஒன்றின் நடையைக் கடன் வாங்கினார். அண்ணனைப் புதைக்கத் துடிக்கிற தங்கைக்கு இன்னொரு பெண்ணின் ஒப்பாரி! இதுதான் கடன் வாங்கத் தெரிந்தவன் லட்சணம்.

இது பேச்சுப் பகுதிக்கு. கோரஸ் பகுதி பாடி ஆடுவது. ஒரு பத்தியின் சந்தத்தை அடுத்த பத்தி அசைக்கு அசை திருப்பிச் சொல்லும். அதை ஆங்கிலத்தில் கொண்டுவர முயன்றவர்கள் பெரும்பாலும் மூச்சு வாங்கிப் பாதியில் உட்கார்ந்துவிட்டார்கள்.

கே: ‘ஈடிபஸ்’ என்றால் என்ன அர்த்தம்?

ப: வீங்கிய பாதம். பெயரின் முதல் பாதியில் ‘எனக்குத் தெரியும்’ என்கிற கிரேக்கச் சொல்லும் ஒளிந்து கேட்கும். ஊரார் விடுகதையெல்லாம் தெரிந்தவருக்குத் தன் கால் தழும்பின் கதை தெரியவில்லை. மொழிபெயர்ப்பாளர்கள் இந்த இடத்தில் அடிக்குறிப்புக்குள் ஓடி ஒளிந்துகொள்வார்கள்.

கே: கிரேக்க நாடகம் என்றாலே ஆளாளுக்குக் கத்துவார்களாமே? (திருச்சி வாசகி)

ப: கத்துவார்கள். மொழிபெயர்ப்பாளனின் யோக்கியதை தெரிவதும் அங்கேதான்.

ஈஸ்கிலஸின் ‘அகமெம்னான்’ நாடகத்தைப் பாருங்கள். ட்ராயிலிருந்து சிறைப்பிடித்து வந்த கசாண்ட்ரா தேரில் உட்கார்ந்திருக்கிறாள். ராணி இறங்கி வா என்கிறாள், பதில் இல்லை. இவளுக்கு நம் பாஷை தெரியாதோ என்கிறாள், அதற்கும் பதில் இல்லை. கிட்டத்தட்ட முன்னூறு வரி ஓடிவிடுகிறது. இந்த வேஷத்துக்குப் பேச்சே இல்லை போலிருக்கிறது என்று கூட்டம் முடிவு கட்டுகிற நேரத்தில் வாய் திறக்கிறாள். வருவது சொல் இல்லை. ‘ஒதொதொதொதொய்’ என்கிற மாதிரி ஓர் ஓலம். அகராதியில் பொருள் தேட முடியாது.

பழைய ஆங்கில மொழிபெயர்ப்புகளில் இந்த இடத்தில் ‘அலாஸ்’ என்று இருக்கும். எந்த இங்கிலீஷ்காரனும் விரல் கதவிடுக்கில் மாட்டினால் ‘அலாஸ்’ என்பதில்லை. நம்முடைய ‘அந்தோ’வும் அதே ஜாதி, எந்த வீட்டு இழவிலும் யாரும் ‘அந்தோ’ என்று அழுது நான் பார்த்ததில்லை. கனடாக் கவிஞர் ஆன் கார்சன், கிரேக்கம் சொல்லிக்கொடுத்தவரும் கூட, 2009-ல் ஒரு காரியம் செய்தார். ஓலத்தை மொழிபெயர்க்காமல், கிரேக்க ஒலியை அப்படியே ஆங்கில எழுத்தில் வைத்துவிட்டார். நடிகைக்கு வேறு வழியில்லை, கத்தித்தான் ஆக வேண்டும். எலெக்ட்ராவின் கதறல்களைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதியவர் அவர். சோஃபக்கிளீஸின் ஃபிலொக்டீட்டீஸுக்குப் பாம்பு கடித்த கால். அவனுடைய ‘பாப்பாப்பாய்’ யாப்பு பிசகாமல் ஒரு முழு வரியை நிறைக்கும். வலிக்கும்போதுகூட இலக்கணம் தவறாத ஆள்!

தமிழில் யாராவது புதிதாகச் செய்வதானால் ஆங்கிலத்துக்கு இல்லாத ஒரு சொத்து நம்மிடம் இருக்கிறது. நடிகரும் கோரஸும் மாறி மாறிப் பாடும் புலம்பலுக்குக் கிரேக்கத்தில் ‘கொம்மோஸ்’ என்று பெயர். வேர்ச்சொல்லின் பொருள் அடித்தல், அதாவது மாரில் அடித்துக்கொள்ளுதல். ஆங்கிலத்தில் இதற்கு ஒரு பத்தி விளக்கம் வேண்டும். நமக்கு ‘மாரடிப் பாட்டு’ என்றால் போதும்.

கே: கிரேக்கம் தெரியாமலே கிரேக்க நாடகத்தை மொழிபெயர்க்கிறார்களாமே, இது மோசடி இல்லையா? (கோவை வாசகர்)

ப: தரகர் பேசி முடித்த கல்யாணம் எல்லாம் மோசடியா? சில நன்றாகவே நடக்கின்றன. ஐரிஷ் கவிஞர் யேட்ஸுக்கு இந்த வேலைக்கு வேண்டிய கிரேக்கம் இல்லை; ஜெப் என்ற அறிஞரின் உரைநடை ஆங்கிலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ‘ஈடிபஸ் அரச’னை எழுதினார். வசனம் நடிகன் வாயில் நிற்க வேண்டும் என்பதில் குறியாக இருந்தார், நிற்காததை வெட்டி எறிந்தார். 1926 டிசம்பரில் டப்ளின் ஆபி தியேட்டரில் மேடையேறியது. முப்பது வருஷம் கழித்துக் கனடாவில் படம் எடுத்தபோதும் அதே வசனம்தான். டெட் ஹ்யூஸின் ‘ஓரெஸ்டியா’வும் (‘அகமெம்னா’னில் தொடங்கும் ஈஸ்கிலஸின் மூன்று நாடக வரிசை) இந்த ரகம்தான். 1999-ல் அது லண்டன் மேடைக்கு வந்தபோது ஹ்யூஸ் உயிரோடு இல்லை. அதில் ரத்தம் கொஞ்சம் தூக்கல். ஈஸ்கிலஸ் சொட்டு விட்ட இடத்தில் இவர் குடம் கவிழ்த்திருக்கிறார்.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். 1877-ல் பிரௌனிங் சொல்லுக்குச் சொல் பிசகாமல் ‘அகமெம்னா’னைப் பெயர்த்தார். கிரேக்க மூலத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டால் பிரௌனிங் புரியும் என்பது பழைய ஜோக்.

கே: அமெரிக்க அதிபர்கள் சோஃபக்கிளீஸை மேற்கோள் காட்டுகிறார்களாம். அவ்வளவு படிப்பா?

ப: அது சோஃபக்கிளீஸ் இல்லை, ஹீனி. 1990-ல் வட அயர்லாந்தின் டெர்ரி நகரில் மேடையேற, குண்டுவெடிப்புகள் ஓயாத காலத்தில், ‘ஃபிலொக்டீட்டீஸ்’ நாடகத்தை ‘தி க்யூர் அட் ட்ராய்’ என்று எழுதினார். கோரஸுக்கு அவராகச் சேர்த்த வரிகளில் நம்பிக்கையும் சரித்திரமும் ஒத்துப்போகிற ஒரு நாளைப் பற்றிய பேச்சு வரும். கிளின்டன் 1995-ல் டெர்ரிக்கே போய்ச் சொன்னார். பைடன் பல தடவை சொல்லிவிட்டார். மூலத்தில் தேடிக் கண்டுபிடித்தால் எனக்கும் எழுதுங்கள். அதே கோரஸில் உண்ணாவிரதக் கைதியின் தகப்பனும் போலீஸ்காரரின் விதவையும் வருகிறார்கள். கி.மு. 409-ல் அவர்களுக்கு என்ன வேலை? ஹீனி இதைத் தன் ‘வடிவம்’ என்றுதான் சொன்னார், மொழிபெயர்ப்பு என்று ஏமாற்றவில்லை. எனக்கு அந்த வரிகள் பிடிக்கும். மேடையில் கேட்கும்போது மட்டும்.

கே: மொழிபெயர்க்கவே முடியாத கிரேக்கச் சொல் ஒன்று சொல்லுங்கள். (வேலூர் வாசகி)

ப: ‘டெய்னோஸ்’. ‘ஆன்டிகனி’யில் மனிதனைப் பற்றிக் கோரஸ் பாடும் புகழ்பெற்ற பாட்டு இந்தச் சொல்லில்தான் சுழல்கிறது. அச்சம் தருவது என்றும் பொருள், வியக்க வைப்பது என்றும் பொருள், மகா கெட்டிக்காரத்தனம் என்றும் பொருள். ஜெர்மன் கவிஞர் ஹோல்டர்லின் ஒரு தடவை ஒரு சொல் போட்டுத் திருப்தியில்லாமல் பிறகு மாற்றினார். ஆங்கிலத்தில் ஆளுக்கொன்று. உங்கள் வீட்டுக் கல்லூரிப் பையனைக் கேளுங்கள், ஒரே நொடியில் தீர்த்துவிடுவான்: ‘பயங்கரம்’. விபத்தும் பயங்கரம், படமும் பயங்கரம், கணக்கு வாத்தியாரும் பயங்கரம். பண்டிதர்கள் இருநூறு வருஷம் தேடியது டீக்கடையில் கிடக்கிறது.

இன்னொன்று. ஆன்டிகனி தங்கையை அழைக்கிற முதல் வரியில் ‘அதெல்ஃபோஸ்’ என்கிற சொல் இருக்கிறது. பிரித்தால் ‘ஒரே கருப்பை’. ஆங்கில ‘சிஸ்ட’ரில் கருப்பை இல்லை. வடமொழி வழி நமக்கு வந்த ‘சகோதரி’யில் உதரம் இருக்கிறது. ‘ஒரு வயிற்றில் பிறந்தவள்’ என்று போட்டால் நாடகத்தின் சிக்கல் மொத்தமும் முதல் வரியிலேயே வந்துவிடும், ஏனென்றால் அந்த வயிறு அவர்களுடைய அப்பாவையும் பெற்ற வயிறு.

கே: மேடையில் சண்டைக் காட்சி உண்டா?

ப: கொலை பெரும்பாலும் உள்ளே நடக்கும், ஆள் வந்து சொல்வான். மேடையில் வாய்ச் சண்டைதான்: அவன் ஒரு வரி, இவன் ஒரு வரி, எசப்பாட்டு மாதிரி. ஒரு வரியை ஒன்றரை வரியாக இழுத்த மொழிபெயர்ப்பில் இரண்டு வாத்தியார்கள் பாடம் நடத்துவது போல் இருக்கும்.

கே: ‘மொழிபெயர்ப்பு வாடை’ என்கிறார்களே, அப்படியென்றால்?

ப: ஆங்கிலக் கவிஞர் ஹவுஸ்மன் 1883-ல் எழுதிய கிண்டல் ஒன்று உண்டு, போலிக் கிரேக்க நாடகம். வந்தவனை எங்கிருந்து வருகிறாய் என்று கேட்கவே கோரஸ் சுற்றி வளைத்து மாமாங்கம் எடுத்துக்கொள்ளும். உள்ளே ஒரு பெண்ணைக் கொல்கிறார்கள், அவள் அலறுகிறாள், வெளியே இவர்கள் தத்துவம் பேசுவார்கள். படித்துவிட்டால் அந்த வாடை பிறகு எங்கே வந்தாலும் மூக்கு காட்டிக்கொடுத்துவிடும்.

கே: நம் காலத்தில் மேடையில் ஜெயித்த மொழிபெயர்ப்பு எது? (சென்னை, நாடகக்காரர்)

ப: என் ஓட்டு டோனி ஹாரிசனின் ‘ஓரெஸ்டியா’வுக்கு. 1981, லண்டன் நேஷனல் தியேட்டர், பீட்டர் ஹால் இயக்கம், பர்ட்விஸில் இசை. எல்லாரும் ஆண்கள், எல்லார் முகத்திலும் முகமூடி. ஹாரிசன் லீட்ஸ் நகரத்து ரொட்டிக்கடைக்காரர் மகன். பள்ளியில் அவருடைய வட்டார உச்சரிப்பைக் கேலி செய்தார்கள். கிளாசிக்ஸ் படித்து, அதே கரடுமுரடான வடக்கத்தி ஆங்கிலத்தை ஈஸ்கிலஸுக்குக் கொடுத்தார். பழைய ஆங்கிலச் செய்யுள் போல் மோனை. இரண்டு சொல்லை ஆணியடித்து ஒட்டிய புதுச்சொற்கள். காகிதத்தில் படித்தால் பல்லில் கல் மாட்டும். முகமூடிக்குள்ளிருந்து வந்தால் விஷயம் வேறு: உயிரெழுத்து குழைந்துவிடும், மெய்யெழுத்துதான் கடைசி வரிசைக்குப் போய்ச் சேரும். மறுவருஷம் எபிடாரஸின் புராதன அரங்குக்கே கொண்டுபோய் ஆடினார்கள்.

கே: இதையெல்லாம் இன்றைக்குப் படித்து என்ன ஆகப்போகிறது?

ப: பிரையன் டோரிஸ் என்பவர் 2008 முதல் ‘ஏஜாக்ஸ்’, ‘ஃபிலொக்டீட்டீஸ்’ இரண்டையும் தானே எளிய பேச்சு ஆங்கிலத்தில் பெயர்த்து, போரிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் முன்னால் நடிகர்களை வைத்து வாசிக்கச் செய்துவருகிறார். செட் இல்லை, வேஷம் இல்லை. வாசிப்பு முடிந்ததும் சிப்பாய்களும் அவர்கள் மனைவிமாரும் எழுந்து பேசுகிறார்கள். சோஃபக்கிளீஸும் படைத்தலைவராக இருந்தவர்தான்.

கே: ஒன்றே ஒன்று வாங்கக் காசு இருக்கிறது. எதை வாங்கட்டும்? (தஞ்சாவூர் வாசகர்)

ப: இன்னும் கொஞ்சம் சேர்த்து இரண்டாக வாங்குங்கள், ஒரே நாடகம்: லாட்டிமோரின் ‘அகமெம்னான்’, கார்சனின் ‘அகமெம்னான்’. கசாண்ட்ரா வாய் திறக்கும் இடத்தை இரண்டிலும் எடுத்து, நின்றுகொண்டு, உரக்கப் படியுங்கள். நான் முதல் தடவை படித்தபோது கீழ்வீட்டு அம்மாள் மாடியேறி வந்து “யாருக்கு என்ன ஆச்சு?” என்றார். கார்சனுக்குத்தான் வந்தார். லாட்டிமோருக்கு வரவில்லை. நீங்கள் படிப்பதற்கு முன் கீழ்வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.