உறையில தோடி

அடையாறு காந்தி நகருக்கு நான் வந்து இன்னையோட பதினோரு நாளாச்சு பேராண்டி. நாலாவது மாடி, நல்ல காத்து, வேளாவேளைக்கு உங்கம்மா கையால காப்பி. ஒரு கொறையும் இல்ல. ஊருக்குக் கெளம்பறதுக்கு முந்தி உனக்கும் உன் கூட்டாளிங்களுக்கும் நாலு நல்ல வார்த்தை சொல்லிட்டுப் போவலாம்னு பாக்குறேன். கேட்டா கேளு, கேக்காட்டிப் போ. எனக்கென்ன காசா, பணமா.

போன ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மொட்டைமாடில நாலு பேரு கூடினீங்க. நீ, மயிலாப்பூர்த் தம்பி, மாம்பலத்துத் தம்பி, அப்பறம் அந்த செவப்பு பனியன் போட்ட தம்பி. அது பெசன்ட் நகர்ல குடியிருக்குன்னு சொன்னே. பேச்சைக் கேட்டா மான்செஸ்டர்ல ரேசன் கார்டு வாங்கியிருக்கும் போலத் தெரிஞ்சுது. நான் ஓரமா வெத்தலை மென்னுக்கிட்டு உக்காந்திருந்தேன். கெழவனுக்குக் காது மந்தம்னு நெனச்சுட்டீங்க. அதெல்லாம் இல்ல. வேணுங்கறது கேக்கும்.

மூணு மணி நேரம் பேசினீங்க. 1959-ல வந்த ஜாஸ் ரிக்கார்டுத் தட்டு ஒசத்தியா, அதையே பின்னால மறுபடி அச்சடிச்சது ஒசத்தியா? உறையில இருக்கற நீலம் அசல் நீலமா, வெளுத்த நீலமா? எந்தக் கடையில வாங்கினா ஓரம் மடங்காம வரும்? அடேயப்பா, பொண்ணு பாக்கப் போனாக்கூட இவ்வளவு கேள்வி கேக்க மாட்டாங்க. எல்லாம் சரி, அந்த மூணு மணி நேரத்துல ஒரு தட்டாவது சுத்துச்சா? நானும் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். கொசுவத்திதான் சுத்துச்சு.

“ஏம்ப்பா அந்தத் தட்டைப் பிரிச்சுப் போடல?”ன்னு கேட்டேன். “பிரிச்சா மதிப்பு போயிடும் தாத்தா”ன்னு மாம்பலத்துத் தம்பி சொல்லுச்சு. நல்ல பழக்கம்! இதை விட்டுடாதீங்க. எங்க பக்கம் வெதநெல்லைக் கோட்டை கட்டி வெப்போம். நாங்க வெவரங்கெட்டவங்க, பருவம் வந்ததும் அவசரப்பட்டுப் பிரிச்சு வெதைச்சுப்புடுவோம். பிரிக்காம அப்படியே பரண்ல வெச்சிருந்தா இன்னைக்கு என்ன மதிப்பு போகும்னு இப்பத்தான் புரியுது.

உங்களைக் கேலி பண்ண எனக்கு யோக்கியதை இல்லதான். நானும் தட்டு வாங்கினவன். அந்தக் கதைய உங்கப்பனே உனக்குச் சொல்லியிருக்க மாட்டான்.

அப்ப எனக்கு இருவத்திரண்டு வயசு. சம்பா அறுவடைக் காசு மடியில கனத்துச்சு. ராத்திரி ரயிலேறி விடியக்காலம் எழும்பூர்ல எறங்கி நேரா மூர் மார்க்கெட்டுக்குப் போனேன். உங்க காலத்துப் பசங்களுக்கு அது தெரியாது. 1900-ல தொறந்தது, செக்கச்செவேல்னு கட்டடம். பழைய பொஸ்தகத்துலேருந்து பச்சைக்கிளி வரைக்கும் அங்க கெடைக்கும். 1985 மே மாசக் கடைசியில எரிஞ்சுபோச்சு. இப்ப அந்த எடத்துல சென்ட்ரலுக்குப் பக்கத்துல புறநகர் ரயில் வந்து நிக்குது.

நான் தேடிப் போனது திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையோட தோடி ரிக்கார்டு. சின்னப்புள்ளையா இருக்கறப்ப எங்கப்பா தோள்ல உக்காந்து அவரு தோடியை நேர்ல கேட்டவன் நானு. நெசமாச் சொல்லணும்னா பாதியில தூங்கிட்டேன். ஆனா அந்தத் தூக்கம் மாதிரி ஒரு தூக்கம் அப்பறம் எனக்கு வாய்க்கல. அவரு வாசிச்ச நீட்டு நாயனம், பாரி நாயனம்னு சொல்லுவோம், எங்க பக்கத்து நரசிங்கம்பேட்டை ஆசாரி கடைஞ்சது. 1956-ல பிள்ளை போயிட்டாரு. நாயனம் போச்சு, நாதம் போச்சு, இனிமே தட்டுதான் கதின்னு ஆச்சு. அந்த அரக்குத் தட்டுல ஒரு பக்கத்துக்கு மிஞ்சிப்போனா மூணு நிமிசம், மூணேகால். விடிய விடிய வாசிச்ச மனுசனை அதுக்குள்ள அடைச்சா, அது நெல்லுக்குதிரைத் தூக்குச்சட்டியில கவுத்த மாதிரிதான். இருந்தாலும் ஆசை விடல.

கடைக்காரரு ஒரு காயித உறையை எடுத்து நீட்டினாரு. மேல பேனாவால ‘தோடி’ன்னு எழுதியிருந்துச்சு. பதினஞ்சு ரூவா சொன்னாரு. அரை மணி நேரம் மல்லுக்கட்டி எட்டுக்குக் கொண்டாந்தேன். ஏழு ரூவா கொறைச்ச சந்தோசத்துல தட்டை வெளிய எடுத்துப் பாக்கத் தோணல.

ஊர்ல பண்ணையார் வீட்டுல மட்டுந்தான் கிராமபோன் பெட்டி உண்டு. தெருவே கூடிருச்சு. வாய்க்கா வெட்டப் போனவன் மம்பட்டியோட வந்து நின்னான். பண்ணையார் வீட்டுப் பெரியம்மா விபூதி பூசிக்கிட்டு உக்காந்தாங்க. சாவி குடுத்து, புது ஊசி மாட்டி, முள்ளை எறக்கினேன். கிர்ர்ருன்னுது. ஒரு நொடி ஊரே மூச்சு விடல. அப்பறம் பாரு, ஒரு மாமியாக்காரி மருமவளைப் போட்டு வாங்கு வாங்குன்னு வாங்குறா! ஏதோ பழைய காமிக் தட்டு. சட்டி ஒடையிற சத்தம் வேற. விபூதி பூசின பெரியம்மாவுக்குத்தான் மொதல்ல சிரிப்பு வந்துச்சு. அன்னையிலேருந்து ஊர்ல எனக்குத் ‘தோடி’ன்னு பேரு. “தோடி வீட்டுல பசு கன்னு போட்டுருக்கு, தோடி மவனுக்குக் கல்யாணம்” இப்படித்தான் சொல்லுவாங்க. உங்கப்பன் ஏன் பட்டணத்துக்கு ஓடியாந்தான்னு இப்பத் தெரியுதா?

அந்தத் தட்டு இன்னும் என் தகரப்பொட்டில கெடக்கு. ஏதோ ஆசையில இந்தத் தடவை கொண்டாந்தேன். மாம்பலத்துத் தம்பி அதை வெளிச்சத்துல புடிச்சுப் பாத்துட்டு, “தாத்தா, இது இப்பக் கெடைக்கவே கெடைக்காது!”ன்னு கண்ணு கலங்குது. எப்படிக் கெடைக்கும்? வாங்கினவனெல்லாம் ஒடைச்சிருப்பான்.

சரி, விசயத்துக்கு வாரேன். “மெட்ராஸ்ல ஜாஸுக்குச் சீனே இல்ல தாத்தா”ன்னு நீ சலிச்சுக்கிட்டே. எங்க ஊர்ல சீனுன்னா நாடகக் கொட்டாயில பின்னால தொங்கற படுதா. அது கிழிஞ்சிருந்தாலும் நல்ல நடிகன் நடிப்பான். உனக்குப் படுதா இல்லாத கவலை. முன்னால ஆடினவங்களைப் பாத்தியா?

பஞ்சாங்கத்துக்குப் பின்பக்கம் நான் குறிச்சு வெச்சதைச் சொல்றேன், கேளு. டேவ் புரூபெக்குன்னு உங்க ஆளு ஒருத்தரு, பியானோக்காரரு. 1958-ல அவரும் அவரு கூட்டமும் இதே மெட்ராசுக்கு வந்தாங்க. மிருதங்கத்துல பழனி சுப்பிரமணிய பிள்ளை, எடக்கைக்காரரு, அவரோட சேந்து வாசிச்சுப் பாத்தாங்க. மறுவருசம் அந்தக் கூட்டம் அஞ்சு எண்ணிக்கையில ஒரு உருப்படி போட்டு உலகத்தையே ஆட்டி வெச்சுது. ‘டேக் ஃபைவ்’. அதைப் பத்தி மட்டும் நீங்க முக்கா மணி நேரம் பேசினீங்க. அஞ்சுல தாளம் போட்டதுல என்னமோ சந்திரனுக்குப் போய் வந்தாப்ல ஆச்சரியம்! நம்ம கண்டசாபு அஞ்சுதானேடா? அவங்க மூணையும் ரெண்டையும் கூட்டினாங்க, நாம ரெண்டையும் மூணையும் கூட்டுவோம். இங்க வந்துதான் கத்துக்கிட்டாங்கன்னு நான் சொல்ல மாட்டேன், அந்தப் பொய்யெல்லாம் கல்யாண வீட்டுல பேசறதுக்கு. கூட்டல் கணக்கு ரெண்டு ஊருக்கும் தெரியும்னுதான் சொல்றேன்.

அப்பறம் விக்கு விநாயக்ராம். கடம் வாசிக்கறவரு. ஜான் மெக்லாஃப்லின்னு ஒரு வெள்ளைக்காரர் கித்தாரோட சேந்து ‘சக்தி’ங்கற கூட்டத்துல 1975 வாக்குல அமெரிக்கா போய் ஒக்காந்தாரு. கடத்துக்குப் பேர் போனது மானாமதுரை. நம்ம கொளத்து மண்ணு ஊர் ஊரா ஜாஸ் மேடையேறிடுச்சு. அவரு மவன் செல்வகணேஷ் இருந்த அதே சக்தி 2024-ல கிராமி வாங்குச்சு. நீ என்னன்னா, பானை சத்தம் கேட்டா “அம்மா, தண்ணி வருதா?”ங்கறே.

கத்ரி கோபால்நாத்தையும் சொல்லிப்புடறேன். மைசூர் அரமணை பேண்டுல சாக்ஸபோனைப் பாத்து மயங்கி, அதுல கீர்த்தனை வாசிச்சே தீருவேன்னு நின்ன மனுசன். மெட்ராசுக்கு வந்து டி.வி. கோபாலகிருஷ்ணன் கிட்டப் பாடம். 1980-ல பம்பாய் ஜாஸ் விழாவுல ஜான் ஹேண்டிங்கற அமெரிக்கக்காரரோட மேடையேறினாரு. 1994-ல ‘டூயட்’ படத்துல ஊதினாரு, அதைக் கேட்டு உங்கம்மா அழுதுச்சு. 2008-ல ருத்ரேஷ் மகந்தப்பான்னு ஒரு அமெரிக்க ஜாஸ்காரரு இவரைக் கூட வெச்சுத் தட்டே போட்டாரு. மார்கழியானா இங்கதான், சபா மேடையில, பட்டுச் சட்டை போட்டுக்கிட்டு வாசிப்பாரு. 2019 அக்டோபர்ல போய்ச் சேந்தாரு. அவரு இருந்த வரைக்கும் நீ ஒரு தடவையாவது போனியா? உங்க ஜாஸ்காரரு கோல்ட்ரேன் எந்தத் தேதியில எந்த அறையில மூக்கைச் சிந்தினாருங்கறது வரைக்கும் உனக்குத் தெரியுது. அந்தக் கோல்ட்ரேனே பெத்த புள்ளைக்கு நம்ம ரவிசங்கர் ஞாபகமா ரவின்னு பேரு வெச்சவரு. அவருக்கு இந்தப் பக்கம் திரும்பிப் பாக்கத் தெரிஞ்சுது. லஸ் கார்னர் வரைக்கும் போறதுக்கு உனக்கு ஆட்டோ கெடைக்கல.

மயிலாப்பூர்த் தம்பி இதைக் கேட்டு மீசைக்குள்ள சிரிக்குது. இரு தம்பி, உனக்கும் இருக்கு. நீ வருசா வருசம் சீசனுக்குப் போறவன்தான், மறுக்கல. எந்த சபா கேன்டீன்ல எந்த நாளு கீரைவடைன்னு மனப்பாடம். ஆனா தனி ஆவர்த்தனம் ஆரம்பிச்சதும் நீ எந்திரிச்சு வடைக்குப் போயிடறே. மிருதங்கக்காரரு ரெண்டு மணி நேரம் அடுத்தவங்களுக்காக வாசிச்சுட்டு, தனக்குன்னு கெடைக்கற பத்து நிமிசத்துல, எதுத்தாப்ல உன் முதுவைப் பாத்துக்கிட்டு வாசிக்கறாரு. உன் ஜாஸ் தட்டுல டிரம்ஸ்காரர் தனியா வாசிக்கறப்ப மட்டும் கண்ணை மூடிக்கிட்டு “ஆஹா”ங்கறே. அங்க வடை இல்லாத கொறைதான் போல.

நாகேஸ்வர ராவ் பூங்காவுல மாசத்துல மொத ஞாயிறு காலையில மைக்கு இல்லாம சின்னப்புள்ளைங்க பாடும். காசு கெடையாது. நான் போனேன். ஒரு புள்ளை ஸ்வரத்துல தடுமாறி, நின்னு, நாக்கைக் கடிச்சுக்கிட்டு மறுபடி புடிச்சுது. அந்த நாக்கு எந்தத் தட்டுலயும் பதியாது.

இப்ப செவப்பு பனியன். தம்பி, ராத்திரி ஒன்றரை மணிக்கு “நாம தோத்துட்டோம்”னு தலையில கைய வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தே. நான் பதறிப்போய் நிலத் தகராறுல தீர்ப்பு வந்துருச்சாக்கும்னு எந்திரிச்சு வந்தேன். ஃபுட்பால்ல மான்செஸ்டர்காரன் தோத்தானாம்! உங்க பாட்டி சாவுக்கு அவன் வந்தானா? இந்த ஊருக்குன்னு ஒரு கூட்டம் நீலச் சட்டை போட்டுக்கிட்டு ஆடுது. சென்னையின் எஃப்.சி. 2015 டிசம்பர்ல வெள்ளம் வந்து இந்த அடையாறு தெருவுல ஏறினப்ப மூணு நாளு உங்க யாரு போனும் எடுக்கல, நான் ஊர்ல சோறு திங்கல. அந்த வருசம் சொந்த ஊர் அரையிறுதியைப் புனேயில போய் ஆட வேண்டியதாச்சு அந்தப் பசங்களுக்கு. அங்க மூணுக்குப் பூச்சியம்னு கல்கத்தாவை முடிச்சாங்க, அப்பறம் கோவாவுல போயி கோவாவையே 3-2-ன்னு ஜெயிச்சுக் கோப்பையத் தூக்கினாங்க. 2018 மார்ச்சுல பெங்களூர்ல பெங்களூரை, அதே 3-2. ரெண்டு தடவையும் அடுத்தவன் வீட்டு முத்தத்துல! அந்த 2018 அரையிறுதியில கோல் போட்டவங்கள்ல ஒருத்தரு தனபால் கணேஷ். வியாசர்பாடிப் புள்ளை. நீ வியாசர்பாடிப் பக்கம் எந்த பஸ்ஸு போகும்னு தெரியாம மான்செஸ்டர் டிராம் நம்பரைச் சொல்றே. அவங்க இப்பத் தோக்குறாங்கன்னு சாக்கு சொல்லாதே. தோக்குற டீமுக்குத்தான்யா ஆளு வேணும். மான்செஸ்டருக்கு ஆள் பஞ்சமே இல்ல.

நேரு ஸ்டேடியம் நான் ஏமாந்த எடத்துக்குப் பக்கந்தான். சென்ட்ரல்ல எறங்கி நடந்தே போகலாம். அடுத்த ஆட்டத்துக்கு நாலு பேரும் போங்க. அஞ்சாவது சீட்டு எனக்கு எடுங்க, படிக்கட்டுக்கு ஓரமா. முட்டி மடங்காது.

மாம்பலத்துத் தம்பி அந்த மாமியா தட்டுக்கு நாலாயிரம் தர்றேன்னு ரகசியமாக் கேட்டுருக்கு. குடுத்துடறேன். ஆனா உறையில போட்டு ஒட்டறதுக்கு முந்தி என் எதுக்க ஒரு தடவை சுத்த விடணும். அன்னைக்குப் பண்ணையார் வீட்டுல வெக்கத்துல முள்ளைத் தூக்கினவன்தான், அந்தத் தட்டோட மறுபக்கத்துல என்ன இருக்குன்னு நான் இதுவரைக்கும் கேட்டதில்ல.