பேன் எல்லை தாண்டும் முறை: ஒரு தலையாய ஆய்வு

2017-இல் ஜிஎஸ்டி வந்ததும் தமிழ்நாடு-கேரள எல்லையிலுள்ள வாளையாற்று வணிகவரிச் சோதனைச்சாவடி மூடப்பட்டது. அதற்கு முன்பும் பின்பும் ரசீது காட்டாமல் எல்லையைக் கடந்துவரும் ஒரே சரக்கு பேன்தான் என்பது இவ்வாய்வின் கருதுகோள். களம்: பாலக்காட்டின் சித்தூர், கொழிஞ்சாம்பாறைத் தமிழ்க் குடும்பங்களும் இடுக்கியின் மூணாறு, வண்டிப்பெரியாறு எஸ்டேட் லயங்களும். பாலக்காடும் இடுக்கியும் ஒன்றையொன்று தொடாத மாவட்டங்கள் என்று ஆட்சேபிப்போர் உண்டு. முழுப்பரீட்சை லீவுக்குப் பாட்டி வீட்டில் பெரியம்மா பிள்ளையும் சித்தி பிள்ளையும் ஒரே பாயில் படுப்பதை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை.

பேனுக்குச் சிறகில்லை, குதிக்கவும் தெரியாது. பெரும்பாலும் தலையோடு தலை ஒட்டித்தான் அதற்குப் பயணம். கீழே விழுந்தால் ஓரிரு நாளில் பட்டினி கிடந்து சாகும். ஆகவே தலையணை உறை, துண்டு, சீப்பை வெந்நீரில் அலசினால் போதும். வீடெங்கும் மருந்தடிப்பது வீண். அழுக்குத் தலையில்தான் பேன் வரும் என்பதும் பொய். ஷாம்பு போட்ட தலையை எந்தப் பேனும் வேண்டாமென்றதில்லை.

பேன் தொல்லை புதிதல்ல. இஸ்ரேலின் லாகீஷில் கிடைத்த, ஏறத்தாழ 3700 ஆண்டுப் பழமையான தந்தச் சீப்பில் பேன் ஒழியட்டும் என்ற வேண்டுதலே பொறிக்கப்பட்டிருக்கிறது. 2022-இல் அதைப் படித்துச் சொன்னார்கள். மனிதன் அகரவரிசை எழுத்துப் பழகியதும் முதலில் எதை எழுதினான் என்று தத்துவவாதிகள் யோசிக்கட்டும்.

இனி, லயத்துப் படிக்கட்டு. மேல்படியில் பாட்டி, நடுவில் மகள், கீழே பேத்தி. அவரவர் கை முன்னிருப்பவர் தலையில். பாட்டியின் தலையைப் பார்ப்பது யார்? முந்தைய ஆய்வுகள் இக்கேள்வியை எழுப்பவேயில்லை. "எனக்கேதுடி பேனு? எல்லாம் ஸ்கூலுக்குப் போறவ கொண்டாந்தது" என்பது பாட்டி தரப்பு வாதம். பார்க்காமல் விட்ட அந்த ஒரு தலையிலிருந்துதான் மற்ற தலைகளுக்கு மறுகுடியேற்றம் நடக்கிறது. எல்லார் தலையையும் ஒரே நாளில் பார்த்து, பேன் உள்ளவர்களுக்கெல்லாம் அன்றே மருந்து போடவேண்டும்.

எந்த மருந்து? மண்ணெண்ணெய் அடுப்படியில் தலையையே கொளுத்தும். சீத்தாப்பழ விதைப்பொடி கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகும். செடிக்கு அடிக்கும் எஸ்டேட் மருந்து செடிக்கே. மருந்துக்கடையில் 1 சதவீத பெர்மெத்ரின் லோஷன் கிடைக்கும். அலசித் துவட்டிய ஈரத் தலையில் 10 நிமிடம் வைத்துக் கழுவி, பேன்சீப்பால் வாரவேண்டும். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் டாக்டரைக் கேட்காமல் போடக்கூடாது.

இந்த லோஷன் பேனைக் கொல்லும், ஈரைக் கொல்லாது. ஈர் பொரிக்க 6 முதல் 9 நாள். அதனால் ஒன்பது நாள் கழித்து மறுபடியும் போடவேண்டும். கொழுந்து பறிப்புக்கு லீவான ஞாயிற்றுக்கிழமை தொடங்கினால், அந்த நாள் செவ்வாய். பெண்கள் தலைமுழுகும் நாளென்று பஞ்சாங்கமும் ஒத்துக்கொள்கிறது. பாட்டிதான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.