கொசு அடிக்கக் கை ஒழியவில்லை

புரட்டாசி முடிந்து மழை பிடித்துவிட்டால் ஆரணியில் இரண்டு பேருக்கு வேலை தலைக்கு மேல். ஒருவன் தீபாவளிக்குள் புடவையை அறுத்துக் கொடுக்க வேண்டிய தறிக்காரன். இன்னொருவன் ஊருக்கு உபதேசம் செய்பவன். இரண்டும் நானே என்பதால் எனக்கு மூச்சு விட நேரமில்லை.

எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவுக்கு நான்தான் அட்மின். விடிந்ததும் ரோஜாப்பூ போட்ட காலை வணக்கம். அதற்கு அடுத்ததாக டெங்கு எச்சரிக்கை. முழுக்கைச் சட்டை அணியுங்கள், கை கால்களில் வேப்பெண்ணெய் தடவுங்கள், கொசுவர்த்தி ஏற்றுங்கள். யாரோ எழுதி யாரோ அனுப்பியதை நான் இன்னும் நாலு பேருக்குத் தள்ளிவிடுவேன். எல்லாம் நல்ல யோசனைதான். ஆனால் அனுப்புகிறவன் அதில் ஒன்றையாவது கடைப்பிடிக்கிறானா என்று என் மனைவி கேட்டுத் தொலைத்தாள்.

கடைப்பிடிக்கத்தான் ஆசை. குழித்தறியில் பனியனும் லுங்கியுமாக உட்கார்ந்தாலே முதுகில் ஆறு ஓடும். முழுக்கைச் சட்டை மாட்டினால் புடவைக்கு முன்னால் நான் நனைந்து முடிவேன். வேப்பெண்ணெய் தடவிய கை பாவில் பட்டால் கறை. கறை பட்டால் கூலியில் பிடித்தம். கொசுவர்த்தி வைத்து ஒரு பொறி இழையில் விழுந்தால் கொசுவும் போகும், பாவும் போகும், அதற்குப் பிறகு முதலாளி முகத்தில் விழிக்கும் தைரியமும் போகும்.

சரி, அடித்துக் கொல்லலாமே என்பீர்கள். எந்தக் கையால்? ஒரு கை நாடாவில், ஒரு கை பலகையில், கால் இரண்டும் குழிக்குள் மிதியில். இதை விட்டுவிட்டு அடித்தாலும் ஆபத்து. அதன் வயிற்றில் இருப்பது என் ரத்தம். அது போய் விழுவது யாரோ ஒரு பெண்ணின் முகூர்த்தப் புடவையில். அரக்கு நிறமாயிருந்தால் சமாளிக்கலாம். சந்தன நிறத்துக்கு என்ன பதில் சொல்வது?

கொசுவுக்கு இதெல்லாம் தெரியும்போல. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி பகலில் கடிக்கிற ஜாதி. விடிந்த பிறகு சில மணி நேரமும், பொழுது சாய்வதற்கு முன் சில மணி நேரமும் அதற்குப் பசி அதிகம். இருட்டான, குளிர்ச்சியான இடம் அதற்குப் பிடிக்கும். கணுக்கால் இன்னும் பிடிக்கும். அதாவது, தறிக் குழிக்குள் தொங்கும் என் கால்கள் அதற்கு இலை போட்டு வைத்த பந்தி. பார்க்கவும் லட்சணம்தான்: கறுப்பு உடலில் வெள்ளைப் புள்ளி, கால்களில் வெள்ளை வளையம், புட்டா போட்ட புடவை கட்டியதுபோல் வரும். கடிப்பது பெண் கொசு மட்டும். முட்டை வைக்க அதற்கு ரத்தம் வேண்டும். இதை வீட்டில் சொன்னேன். "வேலை பாக்கறது எங்க வீட்டிலயும் பொம்பளைதான்" என்று பதில் வந்தது.

கொசு எங்கிருந்து வருகிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. தெருக்கோடிச் சாக்கடையிலிருந்து. டீக்கடை பெஞ்சில் அந்தச் சாக்கடையைப் பற்றி நான் பேசாத பேச்சில்லை. ஆனால் சாக்கடைக் கொசு வேறு, இது வேறு. ஏடிஸ் தேடுவது வீட்டோரம் தேங்கும் தெளிந்த தண்ணீர். அது அதிகம் பறப்பதுமில்லை. பிறந்த இடத்திலிருந்து பெரும்பாலும் நூறு, இருநூறு மீட்டருக்குள்தான் அதன் வாழ்க்கை. ஆகவே என் காலைக் கடிப்பது கமண்டல நாகநதியைத் தாண்டி வந்த கொசு அல்ல. என் புழக்கடையிலேயே பிறந்து வளர்ந்தது. ரேஷன் கார்டில் பெயர் சேர்க்காததுதான் பாக்கி.

இதை நிரூபித்தது, மழைக்காலத்தில் வீடு வீடாக வரும் கொசுப்புழு ஒழிப்புப் பணிப்பெண் ஒருவர். தண்ணீர் எங்கெல்லாம் பிடித்து வைத்திருக்கிறோம் என்று கேட்டார். மூடி போட்ட டிரம்மருகே நெஞ்சை நிமிர்த்தி அழைத்துப் போனேன். அவர் அதை ஒரு நொடி பார்த்துவிட்டு நேராகப் புழக்கடைக்கு நடந்தார். அங்கே என் அம்மா காலத்து ஆட்டுக்கல். கிரைண்டர் வந்த நாளிலிருந்து அது சும்மா கிடக்கிறது. எறிய மனம் வராது. டார்ச்சை அதன் குழியில் அடித்தார். மழைத் தண்ணீரில் மெல்லிய புழுக்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, வால் நுனியை நீர்மட்டத்தில் நீட்டி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. என் தலை நிழல் பட்டதும் எல்லாம் நெளிந்து அடியில் இறங்கின.

"அண்ணி, இதைக் கவுத்து வைக்கக் கூடாதா?" என்று என் மனைவியைக் கேட்டார்.

"வைக்கலாம்மா. அதைப் புரட்ட இந்த வீட்டுல ஆம்பளை வேணுமே!"

அட்மின் பதில் பேசவில்லை. பணிப்பெண் மேலே நடந்தார். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சொட்டும் தட்டு, மாடியில் பழைய டயர், துளசித் தொட்டிக்கு அடியில் தாம்பாளம், ஒரு நாள் உதவும் என்று ஒடிந்த தறிச் சாமான் போட்டு வைத்த பக்கெட். தறிக்காரன் வீட்டில் எதுவும் குப்பைக்குப் போகாது. போகாத ஒவ்வொன்றிலும் தண்ணீர் நிற்கும். அடைமழையில் தறிக் குழியிலேயே ஊற்றெடுக்கும். தறி நிற்கிறதே என்று தலையில் கை வைத்து உட்காருவோமே தவிர, குழித் தண்ணீரை இறைக்கத் தோன்றாது. 2017-ல் தமிழ்நாட்டில் 23,000 பேருக்கு மேல் டெங்கு பிடித்தபோது, கொசுப்புழு இருந்த இடங்களுக்கு உள்ளாட்சிகள் அபராதமே போட்டன. இந்தப் பணிப்பெண் என்னை அறிவுரையோடு விட்டுவிட்டார். ஊருக்கே அறிவுரை சொல்கிறவனுக்கு அபராதமே மேல்.

அவர் சொன்னதில் ஒன்று மட்டும் என் ஃபார்வேர்டு எதிலும் வந்ததில்லை. முட்டை கொசுவாகப் பறக்க ஏழிலிருந்து பத்து நாள் போதும். கொசு முட்டையைத் தண்ணீருக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் சுவரில் ஒட்டி வைக்கும். தண்ணீரைக் கொட்டிவிட்டாலும் முட்டை சாகாது. காய்ந்தே மாதக்கணக்கில் காத்திருந்து, அடுத்த மழை நனைத்ததும் பொரியும். ஆகவே கொட்டினால் போதாது, தேய்க்க வேண்டும். வாரம் ஒரு நாள் தேய்த்தால் அதன் வம்சம் பறக்க நாள் கிடைக்காது.

நிலவேம்புக் குடிநீர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2012-ல் டெங்கு பரவியதிலிருந்து மழைக்காலம் வந்தால் தெருமுனையில் அண்டா வைத்து ஊற்றுவது வழக்கமாகிவிட்டது. நிலவேம்பு, வெட்டிவேர், சுக்கு, மிளகு என்று ஒன்பது சரக்கு சேர்ந்த கசப்பு. போட்டோ எடுக்கும்வரை சிரித்தபடி குடிக்கும் வித்தை எனக்குக் கைவந்தது. குடியுங்கள், தவறில்லை. ஆனால் குடித்தாயிற்று என்று காய்ச்சலோடு தறியில் உட்காருவது வீரமல்ல.

எங்கள் ஆண்களின் வைத்தியம் தெரிந்ததே. மருந்துக்கடையில் "காய்ச்சல், உடம்பு வலி" என்று சொல்லி, பெயர் தெரியாத நாலு மாத்திரையை விழுங்கிவிட்டுப் புடவையை முடிப்பது. டெங்குவில் இதுதான் ஆபத்து. ஆஸ்பிரின், இபுபுரூஃபன் வகை வலி மாத்திரைகள் ரத்தக் கசிவைக் கூட்டும். காய்ச்சலுக்கு மருத்துவர் சொல்கிற அளவில் பாராசிட்டமால் போதும். மூன்றாம் நாளுக்கு மேல் காய்ச்சல் இறங்கியதும் ஆள் தேறிவிட்டான் என்று நினைப்போம். உண்மையில் அடுத்த ஓரிரு நாள்தான் கண்காணிக்க வேண்டிய நாள். விடாத வயிற்று வலி, அடங்காத வாந்தி, ஈறில் ரத்தம், மிகுந்த சோர்வு என்றால் தறியை அப்படியே விட்டு மருத்துவமனைக்குப் போங்கள். சந்தேகம் கேட்க 104, வண்டிக்கு 108.

தெருவாசிகளுக்கு அட்மின் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். எங்களால் கொசுவை அடிக்க முடியாது. பிறக்க விடாமல் செய்ய முடியும். ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கப் புறப்படும் முன் கால் மணி நேரம் ஒதுக்கி, கவிழ்க்க வேண்டியதைக் கவிழ்த்து, தேய்க்க வேண்டியதைத் தேய்த்து, மூட வேண்டியதை மூடிவிட்டுப் போங்கள். ஆட்டுக்கல் புரட்ட ஆள் வேண்டுமானால் என்னைக் கூப்பிடாதீர்கள். என் மனைவியைக் கேளுங்கள், எங்கள் வீட்டில் புரட்டியது அவள்தான்.