பேராண்டிக்கு ஒரு பிரேக்கிங் நியூஸ்

ஏலே பேராண்டி, பட்டணத்துல பத்திரிகைப் படிப்புன்னு பீஸைக் கட்டிச் சேத்துவிட்டோமே, என்னதான் சொல்லித் தாராகன்னு போன வாரம் கேட்டேன். நீ மடமடன்னு ஒப்பிச்ச. செல்போன்லயே படம் பிடிக்கணும், அதுலயே வெட்டி ஒட்டணும், தம்ப்நெயில்ல வாயைப் பொளந்த மூஞ்சி ஒண்ணு வைக்கணும், தலைப்புல 'அதிர்ச்சி'ன்னு போடணும். நல்ல படிப்புதான். அந்தக் காலத்துல எழுத ஒருத்தன், படம் பிடிக்க ஒருத்தன், அச்சுக் கோக்க ஒருத்தன், பிழை பாக்க ஒருத்தன்னு நாலு வீட்டுல அடுப்பு எரிஞ்சுச்சு. இப்ப நாலு பேரு வேலையையும் ஒத்தப் பய பாக்கான். சம்பளமும் நாலா வருமாலே? அது சிலபஸ்ல இல்ல போல.

அந்த 'அதிர்ச்சி' வீடியோ என்ன செய்யும்னு கேளு. 2023 டிசம்பர்ல, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சே, அந்த மழையப்ப நம்மூர் கம்மா ஒடைஞ்சிருச்சுன்னு ஒரு வீடியோ வந்துச்சு. அதை நான் எங்க உக்காந்து பாத்தேன் தெரியுமா? கம்மாக் கரையில. மடைகிட்ட, குடையைப் பிடிச்சுக்கிட்டு. வீடியோவுல தென்னை தென்னையா மெதக்கு. நம்ம கரையில கருவேலத்தைத் தவிர என்னலே இருக்கு? 'ஒடையலப்பா'ன்னு நானும் குரூப்புல பேசி அனுப்புனேன். ஒரு பய சட்டை பண்ணல. ஒடைஞ்ச கம்மாவை ஊரு ஒலகமெல்லாம் பாத்துருச்சு, ஒடையாத கம்மாவை நானும் ரெண்டு கொக்கும் பாத்தோம். அதே நேரம் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல ரயிலோட நூத்துக்கணக்கான சனம் வெள்ளத்துக்கு நடுவுல மாட்டிக்கிட்டுக் கெடந்துச்சு. அங்கெல்லாம் டவர் படுத்துருச்சு. செய்தி இருந்த எடத்துல டவர் இல்ல, டவர் இருந்த எடத்துல செய்தி இல்ல!

நம்மாளுகளை மட்டும் சொல்லக் கூடாது. 2016ல புது ரெண்டாயிரம் ரூவா நோட்டுக்குள்ள சிப்பு இருக்கு, பூமிக்கடியில பொதைச்சாலும் சாட்டிலைட்டு காட்டிக் குடுத்துரும்னு இந்தி டிவியில கோட்டு போட்டவுகளே வெளக்குனாக. ஒன் பாட்டி அரிசிப் பானையில வச்சிருந்த நோட்டை வெயில்ல பிடிச்சுப் பிடிச்சுப் பாத்தா. 2023ல அந்த நோட்டையே ரிசர்வ் பேங்க் திரும்ப வாங்கிக்கிருச்சு. சிப்பு மட்டும் இன்னும் ஆப்டல.

சிரிச்சுட்டுப் போறதுக்கு இதெல்லாம் சரி. 2018ல போளூர் பக்கம் கொலசாமி கும்பிட வந்த ஒரு வயசான பொம்பளையை, பிள்ளை பிடிக்கிறவன்னு வாட்ஸ்அப்புல வந்ததை நம்பி அடிச்சே கொன்னுட்டாக. இப்பிடி நாடு பூரா சாவு விழுந்த பெறகுதான் ஒரு சேதியை ஒரே தடவையில அஞ்சு எடத்துக்கு மேல தள்ள முடியாதபடி அந்தக் கம்பெனிக்காரன் கட்டுப்பாடு வச்சான். அதனால படத்தைக் கூகுள்ல போட்டு எந்த வருசத்துப் படம்னு கண்டுபிடிக்கிற பாடம் நடக்குன்னியே, அந்த வகுப்புல மட்டும் தூங்காத. அதோட அந்த ஊர்த் தலையாரிக்கு ஒரு போனும் போடு. அவருக்குப் பாஸ்வேர்டு கெடையாது.

டிடி கிசான் டிவி சங்கதி தெரியுமா? 2024 மே மாசம் ரெண்டு பேரை வேலைக்கு வச்சிருக்கு, கிரிஷ், பூமின்னு. ரெண்டும் கம்ப்யூட்டர் பெத்த பிள்ளைக. அம்பது பாஷை பேசுமாம், தூங்காதாம். சம்சாரிக்குச் செய்தி சொல்ல, சேத்துல கால் வைக்காத பிள்ளைக! மக்காச்சோளப் படைப்புழுவைப் பத்தி அதுக நாள் பூராச் சொல்லும். ஆனா புஞ்சையில எறங்கி, குருத்தைப் பிரிச்சு, உள்ள மரத்தூள் கணக்காக் கெடக்குற புழுக்கையைத் தொட்டுப் பாத்து, 'எத்தன தடவை மருந்தடிச்சீக, அதுக்குக் கடன் எங்க வாங்குனீக'ன்னு கேக்குமா? நீ கேப்ப. கேக்காம நீயும் ஏசி ரூம்லயே கெடந்தா, அதுகளே தேவலை. மெஸ் பில் கேக்காதுக.

சாய்நாத்துன்னு ஒருத்தர் 2014 கடைசியில 'பாரி'ன்னு ஒரு இணையப் பத்திரிகை ஆரம்பிச்சாரு. தமிழ்லயும் படிக்கலாம். படம், வீடியோ எல்லாம் உண்டு, தாளு மட்டுந்தான் கெடையாது. பூரா நம்மளை மாதிரி பட்டிக்காட்டு ஆளுக பொழப்புதான். பள்ளிக்கூடம், காலேஜ் படிக்கிற பிள்ளைகளையும் ஊருக்குள்ள எறக்கி எழுத வச்சாக. செல்போன் யாரைக் கெடுத்துச்சு? நடக்கிறவன் கையில இருந்தா அதுவும் நல்லாத்தான் எழுதுது.

சரி, பொங்கல் லீவுக்கு வருவேல்ல. காலேஜ்ல என்னமோ ரீல்ஸ் எடுத்துட்டு வரச் சொன்னாகளாமே. கமிஷன் கடைக்குப் போ. ஒரு மூட்டை மக்காச்சோளத்துக்குச் சாக்குக் கழிவுன்னு எத்தன கிலோ கழிக்கான்னு தராசுகிட்ட நின்னு பாரு. சம்சாரிகிட்டயும் கேளு, கடைக்காரன்கிட்டயும் கேளு, ரெண்டையும் போடு. 'அதிர்ச்சி' வேண்டாம், கிலோவைப் போட்டாலே அதிர்ச்சியாத்தான் இருக்கும். வியூஸ் வராதேன்னு கவலைப்படாத. டீக்கடையில இருக்குற அத்தன பேரு போனையும் வாங்கி நானே ஓட்டி விட்டுருதேன்.