தட்டில் வரவா, கம்பியில் வரவா?

வீடியோ எடிட்டிங் மென்பொருளை ஒருமுறை காசு கொடுத்து வாங்கிவிட்டால், விற்ற கம்பெனி நம்மை ஆயுசுக்கும் மறக்காது. பொங்கலுக்கு வாழ்த்துச் சொல்லாத உறவினர்கள் உண்டு. அந்தக் கம்பெனி மட்டும் மாதம் தவறாமல் மின்னஞ்சல் போட்டுவிடும். 'உங்களைப் போன்ற மதிப்புமிக்க வாடிக்கையாளருக்கு மட்டும் புதிய பதிப்பு பாதி விலையில்! இன்னும் மூன்றே நாள்!' மூன்று நாள் கழிந்ததும், 'உங்களுக்காக மேலும் மூன்று நாள்' என்று அடுத்த கடிதம். ஆடித் தள்ளுபடிகூட ஆவணி பிறந்தால் நின்றுவிடும், இது நிற்காது.

நான் தொழில்காரன் அல்ல. சொந்தபந்தங்களின் காதுகுத்து, வளைகாப்பு, கல்யாணம் எல்லாவற்றையும் சும்மா எடுத்து, சும்மா மிக்சிங் செய்து தருபவன். சும்மா என்பதால் கிராக்கி அதிகம். சும்மா என்பதால் குறை சொல்வதிலும் யாரும் கஞ்சத்தனம் காட்டுவதில்லை.

2012-ல் அந்தக் கடிதத்துக்கு நான் மசிந்ததற்குக் காரணம் தள்ளுபடி அல்ல, புதுக் கேமரா. அதுவரை மினி டிவி டேப். ஒரு மணி நேரம் எடுத்தால் கணினியில் சுமார் 13 ஜிபி இடம் பிடிக்கும். ஆனால் ஒவ்வொரு பிரேமும் முழுசாக இருக்கும், குணத்தில் தங்கம். புதுக் கேமரா ஏவிசிஹெச்டி ரகம். 2006-ல் சோனியும் பானசோனிக்கும் சேர்ந்து அறிவித்த முறை. இடம் குறைவாகப் பிடிக்கும். ஆனால் பெரும்பாலான பிரேம்களில் முழுப் படம் இருக்காது. அக்கம்பக்கத்து பிரேமுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்ற குறிப்புதான் இருக்கும். தாலி கட்டும் ஒரு கணத்தைத் திரையில் காட்டக் கணினி சுற்றியுள்ள பிரேம்களையெல்லாம் விசாரித்துக் கணக்குப் போட வேண்டும். என் பழைய பதிப்புக்கு இந்த விசாரணையெல்லாம் ஒத்துவரவில்லை. மாப்பிள்ளை தாலியைக் கழுத்தருகே கொண்டுபோவார், திரை உறைந்துவிடும், மறுபடி உயிர் வரும்போது பந்தி நடந்துகொண்டிருக்கும்.

சரி, மாற்றியே தீர்வது என்று விற்பனைப் பக்கத்துக்குப் போனால், அங்கே இரண்டு பொத்தான். பெட்டியில் போட்ட டிவிடி வேண்டுமா, டவுன்லோடு வேண்டுமா? விலை ஒன்றுதான். டிவிடி என்றால் அனுப்பும் செலவு தனி. டவுன்லோடு என்றால் செலவே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. 'பின்னாளில் மறுபடி இறக்கிக்கொள்ளும் வசதி' என்று ஒரு சின்னக் கட்டம், நம் கையெழுத்துக்குக் காத்திராமல் ஏற்கனவே டிக் அடித்து, அதற்கென ஒரு கட்டணத்தோடு நிற்கும். நாம் வாங்கிய பொருளை நாமே தொலைத்துவிடுவோம் என்பதில் அவர்களுக்கு அவ்வளவு நம்பிக்கை.

வீட்டில் சபை கூடியது. வங்கியில் ஓய்வு பெற்ற சித்தப்பா டிவிடி கட்சி. கல்லூரியில் படிக்கும் அக்கா மகன் டவுன்லோடு கட்சி.

"தம்பி, காசு கொடுத்தா கையில ஒரு பொருள் வரணும். காத்துல வர்றதுக்கு எதுக்குடா காசு?" என்றார் சித்தப்பா.

"தாத்தா, உங்க பென்ஷனே காத்துலதான் வருது" என்றான் அக்கா மகன்.

"அதனாலதான் மாசா மாசம் போயி பாஸ்புக்குல என்ட்ரி போட்டுட்டு வர்றேன்."

என் மனைவி காபி வைத்துவிட்டுப் போகும்போது, "பழைய சாப்ட்வேர்ல மிக்சிங் பண்ணின ஜோடிங்க எல்லாம் நல்லாத்தானே இருக்காங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அந்தக் கேள்விக்கு இரண்டு கட்சியிடமும் பதில் இல்லாததால் அது அவைக்குறிப்பில் ஏறவில்லை.

டிவிடி கட்சியின் வாதத்தில் சத்து இருந்தது. அந்தக் காலத்துப் பெட்டிகளில் தடிமனான கையேடு இருக்கும். படிக்காவிட்டாலும் அலமாரியில் நிறுத்திவைத்தால் வருகிறவர்கள் மரியாதை கொடுப்பார்கள். பினக்கிள் ஸ்டுடியோவின் 'அல்டிமேட்' பெட்டிகள் சிலவற்றில் பச்சைத் துணி ஒன்றே மடித்து வைத்திருப்பார்கள். அதைச் சுவரில் கட்டி முன்னால் ஆளை நிறுத்தி எடுத்தால், பின்னால் சுவிட்சர்லாந்தை ஒட்டலாம். "டவுன்லோடுல துணி வருமாடா?" என்று சித்தப்பா கேட்டபோது, அக்கா மகன் முதன்முறையாகத் தடுமாறினான்.

பிறகு சமாளித்துக்கொண்டு கணக்குக்கு வந்தான். எங்கள் இணைய இணைப்பில் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை எவ்வளவு வேண்டுமானாலும் இறக்கலாம். மற்ற நேரத்தில் எண்ணி எண்ணித்தான். வேகம் விநாடிக்கு 2 மெகாபிட். அதை எட்டால் வகுத்தால்தான் மெகாபைட் வரும் என்பதை எந்த விளம்பரமும் பெரிய எழுத்தில் போடுவதில்லை. வகுத்தால் கால் மெகாபைட். ஒரு டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபி. அது முழுக்க இறங்க ஏறத்தாழ ஐந்தே கால் மணி நேரம். இலவச நேரமோ ஆறு மணி. "முக்கால் மணி நேரம் கையில மிச்சம் மாமா!" என்றான்.

கணக்கு சரி. ஆண்டுதான் சரியில்லை. 2012-ல் சென்னைக்கு வெளியே குடியிருந்தவர்களுக்கு அந்த மிச்சம் எங்கே போயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மின்சாரம் எப்போது வரும் என்பதைவிட, வந்தது எப்போது போகும் என்பதுதான் அன்றைய ஊர்ப்பேச்சு. எங்கள் சின்ன இன்வெர்ட்டர் ராத்திரியில் மோடத்தையும் கணினியையும் தாங்க வேண்டுமென்றால் மின்விசிறியை நிறுத்தியாக வேண்டும். வீட்டில் வாக்கெடுப்பு நடந்தது. மின்விசிறி பெரும்பான்மையில் வென்றது. விட்ட இடத்திலிருந்து தொடரும் டவுன்லோடு மேனேஜரின் புண்ணியத்தில், சில ராத்திரிகளில் துண்டு துண்டாக ஒருவழியாக எல்லாம் இறங்கியது.

மறுநாள் காலையில் சித்தப்பா இரண்டு வெற்று டிவிடிகளோடு வந்தார். "இறங்கினதை இதுல எழுது." எழுதிக் கொடுத்தேன். காகித உறை மேல் சீரியல் நம்பரை அவரே எழுதினார். லெட்ஜர் எழுதிப் பழகிய கை. பூஜ்யம் எல்லாவற்றுக்கும் குறுக்கே ஒரு கோடு, ஆங்கில 'ஓ' எல்லாவற்றுக்கும் கீழே ஒரு கோடு, ஒன்றுக்குத் தொப்பி, 'ஐ' எழுத்துக்கு மேலும் கீழும் கட்டை. அடியில் தேதி, கையொப்பம். பழைய பதிப்பின் பெட்டியையும் என்னிடமிருந்து வாங்கி, மூன்றையும் சேர்த்து வீட்டுப் பத்திரம் இருக்கும் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

பெட்டியில் வந்தாலும் கம்பியில் வந்தாலும் அடுத்த திரை ஒன்றுதான்: 'ஆக்டிவேஷன் செய்ய இணையத்தோடு இணையுங்கள்.' பொருள் நம் வீட்டில், சாவி அவர்கள் வீட்டில். 2005-ல் வந்த அடோபியின் சிஎஸ்2 வரிசைக்கு அந்தச் சாவி வீடே மூடிப்போனது. 2012-ன் கடைசியில் ஆக்டிவேஷன் சர்வர்களை நிறுத்திவிட்டு, ஆக்டிவேஷன் தேவைப்படாத வேறொரு பதிப்பை இணையத்தில் வைத்து, அதை இறக்கிக்கொள்ளச் சொன்னார்கள். டிவிடியைப் பத்திரமாக வைத்திருந்தவர்களும் கடைசியில் டவுன்லோடு வரிசையில்தான் நின்றார்கள்.

உண்மையில் எங்கள் சபை கூடுவதற்கு முன்பே தீர்ப்பு வேறிடத்தில் எழுதப்பட்டிருந்தது. 2011 ஜூன் மாதம் ஆப்பிள் தன் ஃபைனல் கட் புரோ எக்ஸை ஆப் ஸ்டோரில் மட்டும் 299.99 டாலருக்கு வெளியிட்டது. கனத்த பெட்டிக்கு முடிவுரை. ஆனால் முந்தைய பதிப்பில் செய்த வேலை எதையும் அதில் திறக்க முடியவில்லை. தொழில்முறை எடிட்டர்கள் போட்ட சத்தத்தில், நிறுத்திய பழைய பதிப்பை மீண்டும் சில காலம் விற்க வேண்டியதாயிற்று. 2013 மே மாதம் அடோபி இன்னொரு படி மேலே போய், இனி புதிய கிரியேட்டிவ் பதிப்புகளுக்கு விற்பனையே கிடையாது, வாடகைதான் என்றது. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருள் ஒரு விதிவிலக்கு. இலவசப் பதிப்பே நம்மைப் போன்றவர்களுக்குத் தாராளம். காசு கொடுத்து ஸ்டுடியோ பதிப்பை வாங்கியவர்களிடமும் பதிப்பு மாறும்போது இதுவரை மறுபடி கேட்டதில்லை. சித்தப்பாவுக்கு இதைச் சொன்னால் நம்ப மாட்டார். "சும்மா குடுக்கிறான்னா எதையோ எடுத்துக்கிறான்னு அர்த்தம்" என்பார்.

புதியது எந்த வழியாக வேண்டுமானாலும் வரட்டும். பழையதை விடாமல் பிடித்துக்கொள்வதுதான் சாமர்த்தியம். இதை எனக்குக் காட்டியது மென்பொருள் உலகம் அல்ல, சொத்துத் தகராறு. நான் எடுத்த கல்யாணம் ஒன்றில் பெண்ணின் பெரியப்பா எங்கும் நிறைந்திருந்தார்: மணமேடையில் இடது ஓரம், வாசலில் பன்னீர்ச் செம்பு, பந்தியில் மேற்பார்வை. சில ஆண்டுகளில் வயல் பாகப்பிரிவினையில் பேச்சுவார்த்தை நின்றுவிட்டது. பெண்ணின் அப்பா போன் செய்தார். "தம்பி, அந்த ஆளு வர்ற இடத்தையெல்லாம் எடுத்துடு."

பழைய திட்டக் கோப்பைப் புதிய பதிப்பில் திறந்தேன். திறந்தது. ஆனால் ரோஜா இதழ்கள் உதிரும் இடத்திலும், தம்பதி இதய வடிவத்துக்குள் சுழலும் இடத்திலும் 'எஃபெக்ட் கிடைக்கவில்லை' என்ற அறிவிப்பு. புதியதில் சேமித்துவிட்டால் பழையதில் அது திறக்காது. மேலே ஏறுவதற்கு மட்டும் படி உண்டு, இறங்குவதற்குக் கிடையாது. அடோபியின் பிரீமியரில் ஒரு கள்ள வழி உண்டு. அதன் திட்டக் கோப்பு சுருக்கி மூடிய எக்ஸ்எம்எல்தான். விரித்து, உள்ளே திட்டத்தின் பதிப்பு எண்ணை 1 என்று திருத்தி மூடினால், பழைய பிரீமியர் பெரும்பாலும் ஏமாந்து திறந்துவிடும். என் மென்பொருளுக்கு அந்த வெகுளித்தனம் இல்லை.

சித்தப்பாவின் பீரோதான் காப்பாற்றியது. பழைய பெட்டியிலிருந்த டிவிடியைப் பழைய கணினியில் போட்டு நிறுவினேன். ரோஜா இதழ்கள் திரும்ப வந்தன. பெரியப்பாவை பிரேமுக்கு வெளியே தள்ள மணமேடையைக் கொஞ்சம் பெரிதாக்க வேண்டியிருந்தது. அதில் நாதஸ்வரக்காரரும் சேர்ந்து போய்விட்டார். அவருக்கும் வயலுக்கும் சம்பந்தமே இல்லை.

அதனால் என்னிடம் யோசனை கேட்பவர்களுக்குச் சொல்வது இதுதான். பதிப்பு மாற்ற உகந்த மாதம் மார்கழி, கல்யாணம் இருக்காது. டவுன்லோடு செய்தால் இன்ஸ்டாலரை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள். சீரியல் நம்பரை வங்கிக்காரர் யாரையாவது எழுதச் சொல்லுங்கள். பழைய பதிப்பைக் கணினியிலிருந்து நீக்காதீர்கள். மென்பொருள் மாறும் வேகத்தைவிட உறவுகள் மாறும் வேகம் அதிகம்.

போன மாதம் பெண்ணின் அப்பா மறுபடி கூப்பிட்டார். அண்ணன் தம்பி சமாதானமாகிவிட்டார்களாம். "பெரியப்பாவைப் பழையபடி சேர்த்துடு தம்பி. அப்படியே மொத்தக் கல்யாணத்தையும் 4கே-வுல மாத்திக் குடு. டிரோன் ஷாட்டும் ரெண்டு இருந்தா நல்லாருக்கும்." பெரியப்பாவைச் சேர்ப்பது ஒரு பொழுது வேலை. மற்றதற்கு டிவிடியில் வரும் பதிப்பும் போதாது, டவுன்லோடில் வரும் பதிப்பும் போதாது. கல்யாணத்தையே மறுபடி நடத்த வேண்டும். மண்டபம் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.